ஒற்றையும் இரட்டையும்: கணித மேதை இராமானுஜனின் வாழ்வு

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

பொன்விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். மார்க்க அறிஞர்களைப் பற்றியும் சமுதாயத் தலைவர்களைப் பற்றியும் எழுதத் தகுதியான பெரியவர்கள் நம் ஜெஞ்சாரோமில் இருக்கிறார்கள். நாமோ பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள். ஆகவே நமக்குக் கொஞ்சம் பழக்கமான கணக்கின் பக்கம் போய், கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜனை எடுத்துக்கொண்டோம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு, ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் படிக்கும் பிள்ளை ஒன்று கடைக்குச் சாமான் வாங்க வந்தது. சைன் ஏன் குறியை மாற்றுகிறது, கொசைன் ஏன் மாற்றுவதில்லை, மாமா படித்திருக்கிறீர்களே, சொல்லுங்கள் என்று கேட்டது. நமக்கு விதி நினைவில் இருந்தது. காரணம் நினைவில் இல்லை. சாமானைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளைக்குத் தர வேண்டிய பதிலும் இந்தக் கட்டுரையில் அடங்கியிருக்கிறது.

துணிக்கடைக் கணக்கரின் மகன்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று நம் மூத்தவர்கள் ஊர்ப்பேச்சு பேசும்போது அடிக்கடி காதில் விழுமே, அதே கும்பகோணம்தான். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறிது சம்பாதித்தவர். வறுமை எட்டிப் பார்க்கும் குடும்பம். கடை வைத்திருக்கும் நமக்கும், கடையில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கும் அந்த வீட்டின் நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளி நாட்களிலேயே, பக்கத்து வீட்டில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் லோனி என்ற ஆங்கிலேயர் எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை இரவல் வாங்கினார். கல்லூரிக்காரர்களே தடுமாறும் புத்தகம் அது. அவர் அதைத் தாமாகவே படித்து முடித்தார்.

அதையொட்டி நடந்த ஒரு சம்பவம்தான் நம் மனத்தில் ஆணி அடித்தாற்போல நிற்கிறது. சைன், கொசைன் பற்றி அந்தப் பையன் யாருடைய துணையும் இல்லாமல் சில தேற்றங்களைக் கண்டுபிடித்தார். அவை தமக்கே உரியவை என்று நினைத்திருந்தார். பிறகுதான் ஐரோப்பாவில் ஆய்லர் என்ற மாமேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைச் சொல்லிவிட்டார் என்று தெரியவந்தது. மனம் ஒடிந்து, எழுதிய தாளைக் கொண்டுபோய் வீட்டுக் கூரைக்குள் செருகி மறைத்துவிட்டார்.

அந்தத் தாளில் இருந்த கணக்கின் உயிர்நாடி, கடையில் அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்ட ஒற்றை இரட்டைதான்.

கடைக்காரர் பாஷையில் ஒற்றையும் இரட்டையும்

சார்பு என்றால், ஓர் எண்ணை உள்ளே போட்டால் இன்னோர் எண்ணை வெளியே தரும் விதி. அந்த விதியைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். உள்ளே போடும் எண்ணின் குறியைத் திருப்பினால் வெளியே வரும் விடைக்கு என்ன ஆகிறது?

ஜெஞ்சாரோமைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளான் போகும் பக்கம் கூட்டல், பந்திங் போகும் பக்கம் கழித்தல். நம் லாரி கிள்ளான் பக்கம் 10 கிலோமீட்டர் போனாலும் பந்திங் பக்கம் 10 கிலோமீட்டர் போனாலும் குடிக்கும் டீசல் ஏறக்குறைய ஒன்றே. பக்கம் மாறினாலும் விடை மாறவில்லை. இது இரட்டைச் சார்பு.

இப்போது சரக்குக் கணக்கு. ஒரு பொட்டலம் 5 ரிங்கிட். 3 பொட்டலம் விற்றால் கல்லாவில் 15 ரிங்கிட் ஏறும். அதே 3 பொட்டலம் திரும்பி வந்தால் 15 ரிங்கிட் இறங்கும். உள்ளே குறி மாறினால் வெளியேயும் குறி மாறுகிறது, அளவு மாறுவதில்லை. இது ஒற்றைச் சார்பு.

ஒற்றை, இரட்டை என்ற பெயர் அடுக்குகளிலிருந்து வந்தது. 3-இன் வர்க்கம் 9, கழித்தல் 3-இன் வர்க்கமும் 9. வர்க்கம் என்பது 2-ஆம் அடுக்கு. 2 இரட்டை எண். 2-இன் மும்மடி 8, கழித்தல் 2-இன் மும்மடி கழித்தல் 8. மும்மடி என்பது 3-ஆம் அடுக்கு. 3 ஒற்றை எண். கழித்தல் குறியை இரட்டைத் தடவை பெருக்கினால் மறைந்துவிடும். ஒற்றைத் தடவை பெருக்கினால் ஒன்று மிஞ்சும்.

இங்கே பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது பெருக்கல். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் ஒற்றை எண் வரும். 3-ஐ 5-ஆல் பெருக்கினால் 15. ஆனால் ஒற்றைச் சார்பை ஒற்றைச் சார்பால் பெருக்கினால் இரட்டைச் சார்பு வரும். பெருக்கும்போது அடுக்குகள் கூடுவதுதான் காரணம். 3-ஆம் அடுக்கும் 5-ஆம் அடுக்கும் சேர்ந்தால் 8-ஆம் அடுக்கு. பாலிடெக்னிக்கில் ஒரு தேர்வில் நாம் கோட்டைவிட்ட இடமும் இதுவே.

இரண்டாவது, எல்லாச் சார்புகளும் இந்த இரண்டில் ஒன்றாக இருந்தே தீரும் என்ற எண்ணம். அப்படி இல்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையே கூட்டும் விதியைப் பாருங்கள். 2-ஐப் போட்டால் 4-உம் 2-உம் சேர்ந்து 6. கழித்தல் 2-ஐப் போட்டால் 4-இல் 2 போக 2. விடை அப்படியே நிற்கவும் இல்லை, குறி மட்டும் திரும்பவும் இல்லை. இது ஒற்றையும் அல்ல, இரட்டையும் அல்ல.

ஆனால் இந்த இரண்டு விடைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 6-உம் 2-உம் 8, பாதி 4. அது வர்க்கத்தின் பங்கு, இரட்டைப் பங்கு. முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 6-இல் 2 போக 4, பாதி 2. அது எண்ணின் பங்கு, ஒற்றைப் பங்கு. கலந்துகிடக்கும் எந்தச் சார்பையும், அது கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் விடை தருமானால், இப்படி ஓர் இரட்டைப் பங்காகவும் ஓர் ஒற்றைப் பங்காகவும் பிரித்துவிடலாம். ஒரு சார்பைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். சைனை விரித்து எழுதினால் அதில் 1, 3, 5, 7 என்று ஒற்றை அடுக்குகள் மட்டுமே வரும். கொசைனை விரித்தால் 0, 2, 4, 6 என்று இரட்டை அடுக்குகள் மட்டுமே வரும். பூஜ்யமும் இரட்டை எண்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே 30 பாகையின் சைன் அரை என்றால், கழித்தல் 30 பாகையின் சைன் கழித்தல் அரை. 60 பாகையின் கொசைன் அரை என்றால், கழித்தல் 60 பாகைக்கும் அதே அரை. ஆய்லரின் தேற்றம் இதைவிட ஒரு படி ஆழமானது. வட்டி வளர்வதைப் போல வளரும் அடுக்குச் சார்பு ஒன்று உண்டு. கற்பனை எண்ணைச் சேர்த்து அதை ஒற்றை இரட்டையாகப் பிரித்தால், இரட்டைப் பங்கில் கொசைனும் ஒற்றைப் பங்கில் சைனும் வந்து நிற்கின்றன. கும்பகோணத்துக் கூரைக்குள் போனது இந்த வகைக் கணக்குதான்.

நம் முன்னோர்களின் பங்கு

இந்தக் கணக்கு ஒரே ஊரில் முளைத்ததல்ல. கழித்தல் எண் இல்லாவிட்டால் ஒற்றை இரட்டைச் சார்பு என்ற பேச்சே எழாது. 628-இல் பிரம்மகுப்தர் கூட்டல் எண்ணைச் சொத்தாகவும் கழித்தல் எண்ணைக் கடனாகவும் வைத்து விதிகள் எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள அல்-ஜப்ர் என்ற அரபுச் சொல்தான் அல்ஜிப்ரா ஆனது. 10-ஆம் நூற்றாண்டில் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி மிக நுட்பமான சைன் அட்டவணைகளைக் கணக்கிட்டார். சைன் என்ற சொல்லே ஒரு பயணிதான். ஜ்யா என்ற வடசொல் அரபியில் ஜீபா ஆகி, பிறகு ஜைப் என்று வாசிக்கப்பட்டு, லத்தீனில் சைனஸ் என்று மொழிபெயர்க்கப்பட்டது.

ஒற்றையும் இரட்டையும் நம் வணக்கத்திலும் உண்டு. அல்-ஃபஜ்ர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரட்டையும் ஒற்றையும் சுட்டப்படுகின்றன. இஷாவுக்குப் பிறகு வித்ருத் தொழுகையை ஒற்றைப்படை ரக்அத்துகளாகத் தொழுகிறோம். ரமலானின் கடைசிப் பத்தில் ஒற்றைப்படை இரவுகளில் லைலத்துல் கத்ரைத் தேடுகிறோம். அவை எண்களின் ஒற்றை இரட்டை, சார்புகளுடையவை அல்ல. என்றாலும் இந்தச் சொற்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை அல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

தோல்வியும் அலைச்சலும்

1903 வாக்கில் கார் என்பவர் தொகுத்த புத்தகம் ஒன்று இராமானுஜன் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிரூபணங்களை அவரே தேடத் தொடங்கினார். தாள் வாங்கக் காசு பற்றாக்குறை. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார்.

1904-இல் கணிதப் பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோற்றார். 1909-இல் ஜானகியம்மாளுடன் திருமணம் நடந்தது. கையில் பட்டம் இல்லை, வேலையும் இல்லை.

இதை நம் பிள்ளைகள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மற்றப் பாடங்களில் தோற்றதால் அவர் மேதை ஆகவில்லை. அந்தத் தோல்வி அவருடைய மிக நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டது என்பதே உண்மை.

நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆதரவு தேடி அலைந்தார். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவருமான இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அந்தத் தொடர்பின் வழியே நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். அவர் தம் சொந்தப் பணத்தில் சில காலம் ஆதரித்தார்.

1911-இல் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அது பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றியது. 1 முதல் 100 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டு, மும்மடிகளைக் கூட்டு என்றால் குறுக்குவழி தருபவை இந்த எண்கள். வரிசையைப் பாருங்கள்: 1, கழித்தல் அரை, ஆறில் ஒன்று, பூஜ்யம், கழித்தல் முப்பதில் ஒன்று, பூஜ்யம், நாற்பத்திரண்டில் ஒன்று, பூஜ்யம். 3, 5, 7 என்ற ஒற்றை எண்ணிடப்பட்ட இடங்களெல்லாம் பூஜ்யம். முடிவில்லாமல் அப்படியே போகும். காரணம் ஒற்றை இரட்டைதான். இந்த எண்களைத் தரும் சார்பிலிருந்து அந்தக் கழித்தல் அரையை மட்டும் எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது சுத்தமான இரட்டைச் சார்பு. இரட்டைச் சார்பில் ஒற்றை அடுக்குக்கு இடமில்லை. இதை அறிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பாலிடெக்னிக்கில் மின் அலைகளைப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் தொடர் படித்தபோது நாமும் இதே லாபத்தைப் பார்த்தோம். அலை ஒற்றை என்று தெரிந்தால் கொசைன் பக்கத்துக் கணக்கு முழுவதும் பூஜ்யம். இரட்டை என்று தெரிந்தால் சைன் பக்கம் முழுவதும் பூஜ்யம். கணக்கைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் அரைப்பக்கத்தில் முடித்தார்கள். கேட்காத நாம் மூன்று பக்கம் எழுதினோம்.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் அவருடன் உட்கார்ந்து கணக்குப் போடுவார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களைக் கடிதமாக அனுப்பினார். ஹார்டி அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை. தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் சேர்ந்து படித்துப் பார்த்து, இது சாதாரண ஆள் அல்ல என்று முடிவு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது.

கடல் கடப்பது அவருடைய சமூகத்தில் அன்று பெரிய தடை. தாயின் சம்மதம் கிடைத்த பிறகே 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். பிற்காலத்தில் நம் பாட்டன்மார் பலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தார்கள் அல்லவா? அந்தப் பயணத்தின் மனப்பாரம் நம் குடும்பங்களுக்குத் தெரியும்.

கேம்பிரிட்ஜில் முதல் உலகப்போர்க் காலம். குளிர் கடுமை. அவர் தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டவர். சைவ உணவு தவிர வேறு தொடமாட்டார். தாமே சமைத்துச் சாப்பிட்டார். நம் கொள்கை வேறு, அவர் கொள்கை வேறு. ஆனாலும் அந்நிய ஊரில் உணவு நெறியைக் கைவிடாமல் தன் கையால் பொங்கித் தின்ற அந்தச் சிரமத்தை, வெளிநாட்டில் ஹலால் தேடி அலைந்த நம் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

1916-இல் ஆய்வுக்காக அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்வானார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம் என்ற பிரிவினைக் கணக்கில் ஹார்டியுடன் சேர்ந்து பெரும் சாதனை செய்தார். 4-ஐ 5 விதமாக எழுதலாம். 100-ஐ எழுதும் விதங்கள் 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292. இந்தத் துறையிலும் ஆய்லர் கண்ட அழகான ஒற்றை உண்மை ஒன்று உண்டு. ஓர் எண்ணை ஒற்றை எண்களாக மட்டும் பிரித்தெழுதும் விதங்களும், ஒரே எண் இரு முறை வராமல் பிரித்தெழுதும் விதங்களும் எப்போதும் சமம். 5-க்குச் செய்து பாருங்கள், இரண்டு வழியிலும் மூன்று மூன்று வரும்.

உடல் தாங்கவில்லை. நோயோடு 1919-இல் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கிடந்து, 1976-இல்தான் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் கண்ணில் பட்டன. ஜானகியம்மாள் 1994 வரை வாழ்ந்தார். இந்தியாவில் டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கூரைக்குள் போன தாள்

நாமும் ஒரு தாளை ஒளித்து வைத்தவர்கள்தாம். பாலிடெக்னிக்கில் கணிதத்தில் தோற்ற அந்தத் தவணையின் முடிவுத் தாள், அத்தா பார்க்காதபடி கடையின் பழைய கணக்குப் புத்தகங்களுக்கு இடையே பல மாதங்கள் இருந்தது. நம்முடையது தவறாகப் போட்ட கணக்கு. இராமானுஜன் ஒளித்ததோ சரியாகப் போட்ட கணக்கு. தவறு செய்தவர் வெட்கப்பட்டதில் வியப்பில்லை. சரியாகச் செய்த ஒரு பிள்ளையும் வெட்கப்பட்டுக் கூரையில் ஒளித்ததுதான் நம்மை உறுத்துகிறது.

ஆய்லர் கண்டதைத் தனியாகக் கண்டது தோல்வி அல்ல, நீ ஆய்லர் நடந்த வழியில் நடந்திருக்கிறாய் என்று சொல்ல அன்று அருகில் ஆள் இல்லை. இந்தியாவில் அவர் தனியாகக் கண்டவற்றில் கணிசமான பகுதி ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்தவையே. தக்க ஆசிரியரும் புதிய புத்தகமும் பத்தாண்டுகள் முன்னதாகக் கிடைத்திருந்தால் எவ்வளவோ உழைப்பு மிஞ்சியிருக்கும். அவரை உயர்த்திய ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் நின்றார். புத்தகம் இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு மாணவர், இராமசாமி ஐயர், இராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், ஹார்டி. இவர்களில் ஒருவர் விலகியிருந்தாலும் அந்த நோட்டுகளும் கூரைக்குள் போயிருக்கும்.

ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் ஜனாஸாவுக்கும் திருமணத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் தோள் கொடுத்து வருகிறது. இனி வரும் ஆண்டுகளில் பிள்ளைகளின் கணக்குக்கும் தோள் கொடுக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பெரிய கட்டடம் தேவையில்லை. வாரம் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு வெண்பலகை, படித்த நம் இளைஞர்கள் இருவர் போதும். தவறான தாளையும் சரியான தாளையும் பிள்ளைகள் ஒளிக்காமல் கொண்டுவந்து வைக்கும் இடமாக அது இருக்கட்டும். முதல் வகுப்பை எடுக்க நாம் தயார். முதல் பாடம் ஒற்றையும் இரட்டையும். அந்தப் பிள்ளைக்கு நாம் பட்ட கடன் அது.

எல்லாம் வல்ல இறைவன் நம் சங்கத்துக்கும் நம் பிள்ளைகளின் கல்விக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.